வெயில் ஏறுமுன்

பங்குனி பாதியைத் தாண்டிவிட்டால், காரைக்குடியில் காலை ஒன்பது மணிக்கு மேல் வளவு முற்றத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. வத்தல் பிழிகிறவர்கள் விடிவதற்கு முன்பே கூழைக் கிண்டி, மொட்டை மாடியில் வேட்டியை விரித்து, வெயில் சுள்ளென்று உறைப்பதற்குள் கடைசி வரிசையையும் பிழிந்துவிட்டு இறங்கிவிடுவார்கள். வெயிலுக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்பது, இந்த ஊரில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத பாடம் என்றே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு அதே பங்குனியில், உத்தராகண்டின் கேதார்காந்தா மலையில், உச்சிக்குச் சற்றுக் கீழே, முழங்காலுக்கு மேல் பனியில் புதைந்து நின்றபோதுதான், அந்தப் பாடத்தை நான் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன் என்பதும், என்னுடன் வந்த ஆச்சி அதை மறக்காமல் கொண்டுவந்திருந்தார் என்பதும் எனக்கு விளங்கின.

ஆச்சி என் கணவருடைய மூத்த சகோதரி. தேவகோட்டையில் இருக்கிறார், வயது 56. எங்களில் அக்காளை ஆச்சி என்றே அழைப்போம் என்பதால், திருமணமான நாளிலிருந்து அவர் எனக்கும் ஆச்சிதான். அவருக்கு நான் ஆத்தா. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து செல்லும் கூட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தவறாமல் நடப்பவர். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகச் செல்லும் அந்த நடையில், நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து புறப்பட்டுவிடுவார்கள். தார்ச்சாலை சூடேறுவதற்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியைக் கடந்துவிட்டு, உச்சிவேளையில் தோப்பு நிழலிலோ மண்டபத்திலோ படுத்துவிடுவார்கள். இமயமலையில் பனியில் நடக்க வேண்டும் என்ற ஆசை முதலில் எனக்குத்தான் வந்தது. துணைக்கு யாரை அழைப்பது என்று யோசித்தபோது, என் வயதுத் தோழிகள் எவரையும்விட ஆச்சியின் கால்களின் மீதுதான் எனக்கு நம்பிக்கை இருந்தது. கேட்டவுடன் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அங்க எத்தனை மணிக்கு நடையைக் கெளப்புவாக?" அந்தக் கேள்வியின் முழுப் பொருளும் அப்போது எனக்குத் தெரியாது.

செட்டிநாடு தட்டையான பூமி. கண்மாய்க் கரையில் ஏறினாலே நான்கு ஊர் தெரியும். ஆகவே, பயிற்சிக்கு மலையைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வார நாட்களில் குன்றக்குடி மலைக்கோயில் படிகளில் நிற்காமல் ஏறி இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில், வள்ளல் பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படும் பிரான்மலைக்குப் போய், தோள்பையில் ஆளுக்கு எட்டுக் கிலோ அரிசியைச் சுமந்துகொண்டு பாறை வழியில் உச்சி வரை சென்று வந்தோம். மருத்துவரிடம் காட்டி, இரத்த அழுத்தம், இரும்புச்சத்து, இதயம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டோம். நான்கு மாதத்தில் கால்கள் உறுதிப்பட்டன, மூச்சும் கட்டுப்பட்டது. ஆனால், எங்கள் பக்கத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காத ஒன்று இருந்தது. காலடியில் வழுக்கவும், உடையவும், புதையவும் கூடிய தரை. அதை அங்கே போய்த்தான் பழக வேண்டியிருந்தது.

பல்லவன் ரயிலில் சென்னை, அங்கிருந்து டெல்லி, பிறகு டேராடூன். டேராடூனிலிருந்து முசூரி, புரோலா, மோரி வழியாக சாங்க்ரி என்ற மலைக்கிராமத்துக்கு ஒரு முழுப் பகல் வண்டிப் பயணம். நைட்வார் என்ற இடத்தில் ரூபின், சூபின் என்னும் இரண்டு ஆறுகள் கலந்து டோன்ஸ் ஆறாகின்றன. வனத்துறைச் சோதனைச்சாவடியும் அங்கேதான். அந்த இடத்தைத் தாண்டினால் கோவிந்த் வனவிலங்குக் காப்பகத்துக்குள் நுழைந்துவிடுகிறோம். சாங்க்ரி ஏறத்தாழ 6,400 அடி உயரத்தில் இருக்கிறது. தேவதாரு மரத்தால் கட்டிய பழைய வீடுகளை இன்னும் அங்கே பார்க்கலாம். பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே வளர்ந்த எங்கள் இருவருக்கும், மரத்தைக் கண்டால் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆச்சி ஒரு வீட்டு நிலைப்படியில் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நின்றார். வெயிலும் பனியும் மாறிமாறிப் பட்டு அந்த மரம் வெள்ளிபோல் நரைத்திருந்தது.

சாங்க்ரியைச் சேர்ந்த இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு, பெரிய கூட்டத்தோடு சேராமல் நாங்கள் இருவர் மட்டும் செல்வதென்று ஏற்பாடு. ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்கு அவர் உடனே சம்மதித்தார். மலைக்குப் போகிறவர்கள் எதைக் குறைத்தாலும் இந்த ஒரு நாளைக் குறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது ஏன் என்பதைக் கீழே சொல்லப் போகும் கதையே காட்டும்.

முதல் நாள் ஏற்றம் முழுவதும் காட்டு வழி. ஓக், பைன், தேவதாரு மரங்களுக்கு இடையே, புரான்ஸ் என்று அவர்கள் அழைக்கும் ரோடோடென்ட்ரான் மரங்கள் செக்கச் சிவந்த கொத்துக்களோடு பூத்து நின்றன. உத்தராகண்டின் மாநில மரம் அதுதான். அதன் பூவிதழ்களைப் பிழிந்து எடுத்த சர்பத்தை சாங்க்ரியில் எங்களுக்குத் தந்தார்கள், இலேசான புளிப்போடு நன்றாக இருந்தது. முதலில் மர நிழல்களில் மட்டும் திட்டுத்திட்டாக அழுக்குப் பனி. மேலே போகப் போக அந்தத் திட்டுகள் ஒன்றோடொன்று கை கோத்து, ஏறத்தாழ 9,100 அடி உயரத்தில் உள்ள ஜூடா கா தாலாப் என்ற குளத்தருகே வந்தபோது, நிலம் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. குளத்தின் நடுப்பகுதி இன்னும் உறைந்திருந்தது, ஓரங்களில் மட்டும் உருகிக் கருநீலமாகத் தண்ணீர் தெரிந்தது. "ஊருணியைப் பூட்டி வச்சிருக்காக" என்றார் ஆச்சி.

அந்தக் குளக்கரையில்தான் இளவேனிற்காலப் பனி என்றால் என்ன என்பதை நான் முதன்முதலாக அருகிலிருந்து பார்த்தேன். தேவதாரு மரத்திலிருந்து உதிர்ந்த ஓர் ஊசியிலை பனிப்பரப்பின் மேல் கிடக்கவில்லை. தன் அளவுக்கு, தன் வடிவத்துக்கு, அச்சுப் போல ஒரு சிறு பள்ளத்தை உண்டாக்கிக்கொண்டு அதன் அடியில் ஒரு விரற்கடை ஆழத்தில் கிடந்தது. அருகில் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. வெள்ளைப் பனி தன் மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது; கறுத்த இலையோ அந்த வெயிலை உள்வாங்கிச் சூடாகி, தன்னைச் சுற்றியுள்ள பனியை உருக்கி, மெல்ல மெல்ல இறங்குகிறது. மரங்களின் அடியைச் சுற்றிலும் இதே காரணத்தால் கிணறு தோண்டியதுபோல் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அவற்றின் அருகில் போகக் கூடாது, விளிம்பு உள்ளே சரியும் என்று வழிகாட்டி எச்சரித்தார்.

தமிழில் நாம் எல்லாவற்றையும் பனி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மார்கழிக் காலையில் கோலத்தின் மேல் படிவதும் பனி, இமயத்தில் ஆளை விழுங்குவதும் பனி. வெண்பனி, உறைபனி, பனிக்கட்டி என்று பிரித்துச் சொல்லச் சொற்கள் இருந்தாலும், அவை நம் நாவில் அன்றாடம் புழங்கும் சொற்கள் அல்ல. நான் இதை ஒரு குறையாகவே நினைத்திருந்தேன். ஆனால், மார்கழிப் பனிக்கும் மலைப்பனிக்கும் உள்ள உறவை எனக்குச் சொல்லித்தந்தது ஆச்சியின் ஊர் அறிவுதான். மேகம் மூடிய இரவில் பனி இறங்காது, வானம் துடைத்து விட்டதுபோல் இருந்தால்தான் விடியலில் வைக்கோற்போர் நனைந்திருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் வயல் வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். தெளிந்த இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகிறது. மேகம் போர்வைபோல் மூடினால் அந்தச் சூடு தங்கிவிடுகிறது. மலையிலும் அதே கணக்குத்தான். பகல் வெயிலில் பனியின் மேற்பரப்பு உருகி, அந்த ஈரம் பனித்துகள்களுக்கு இடையே இறங்குகிறது. இரவு தெளிவாக இருந்தால் அந்த ஈரம் மீண்டும் உறைந்து, துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து, மேலே ஓர் ஓடு கட்டிவிடுகிறது. விடியற்காலையில் அந்த ஓடு ஆளைத் தாங்கும். வெயில் ஏறியதும் தளர்ந்து, காலை உள்ளே வாங்கிக்கொள்ளும். சரிவு செங்குத்தாக இருக்கும் இடங்களில், ஈரமேறிக் கனத்த பனி மொத்தமாக நழுவிச் சரியவும் கூடும். எனவே இளவேனிலில் மலை ஏறுவது, இரவு கட்டிக்கொடுத்த பாலத்தை வெயில் கலைப்பதற்குள் போய்த் திரும்புகிற வேலை.

இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுதுகிறேன். முதல் முயற்சியின்போது எனக்கு இதில் பாதிதான் தெரியும்.

இரண்டாம் நாள் ஏறத்தாழ 11,000 அடியில் கூடாரம் அடித்தோம். அன்று மாலை நான் செய்த தவற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பனியில் நடந்து நனைந்திருந்த என் பூட்ஸைக் கூடாரத்தின் வெளிமுகப்பில் கழற்றிப் போட்டுவிட்டு, களைப்பில் அப்படியே படுத்துவிட்டேன். ஆச்சி தம்முடையதை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார், என்னிடமும் சொன்னார். ஈர பூட்ஸைப் படுக்கையருகே வைக்க மனம் ஒப்பாமல் நான் மறுத்துவிட்டேன். இரவு இரண்டரை மணிக்கு எழுந்தபோது, அவை கல்லில் செதுக்கியவைபோல் விறைத்துக் கிடந்தன. நாடாக்கள் கம்பியாகிவிட்டன. அடுப்புச் சூட்டில் காட்டி, கையால் பிசைந்து, கால் உள்ளே நுழையும் நிலைக்குக் கொண்டுவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் நாலேகாலுக்குக் கிளம்பினோம். ஆச்சி ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. கூடாரத்துக்கு வெளியே நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தில் ஒரு மீன்கூட இல்லை; முந்தைய மாலையில் வந்த மேகம் இன்னும் கலையவில்லை.

தலைவிளக்கின் வெளிச்சம் காட்டும் ஐந்தடி வட்டம்தான் உலகம். பூட்ஸின் அடியில் மாட்டிய மைக்ரோ ஸ்பைக் என்ற சங்கிலிப் பற்கள் பனியைக் கவ்வ வேண்டும். ஆனால், அன்று மேல் ஓடு மெல்லியதாகவே இருந்தது. பத்து அடி தாங்கும், பதினோராவது அடியில் பொறுக்கென்று உடைந்து கால் முழங்கால் வரை இறங்கும். புதைந்த காலை உருவி எடுத்து அடுத்த அடி வைப்பதற்குள் மூச்சு இரைத்தது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது. விடிந்தது. மேகம் விலகி வெயில் வந்தபோது எனக்கு மகிழ்ச்சி. ஆச்சியின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. ஏழரை மணிக்குப் பனி வெல்லப்பாகு பதத்துக்கு வந்துவிட்டது. எட்டரை மணிக்கு, உச்சியின் கடைசி மேடு கண்ணுக்கு நேரே தெரிகிற இடத்தில், என் வலது கால் தொடை வரை இறங்கிச் சிக்கிக்கொண்டது. வழிகாட்டியும் ஆச்சியும் சேர்ந்து கையால் பனியைத் தோண்டித்தான் என்னை எடுத்தார்கள். இலேசான தலைவலியும் தொடங்கியிருந்தது.

நான் மேலே போகலாம் என்றேன். இன்னும் முக்கால் மணி நேரந்தானே என்று தோன்றியது. காரைக்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் உச்சியை விட்டுத் திரும்புவதா என்று உள்ளே ஒரு பிடிவாதம். வழிகாட்டி எங்கள் முகத்தைப் பார்த்தார். தாம் சொல்வதைவிட நாங்களே முடிவெடுப்பது நல்லது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"ஆத்தா, திரும்பிருவோம்" என்றார் ஆச்சி. "ஏறிறலாம், அதுல ஒண்ணும் இல்ல. எறங்கும்போது மணி பத்தரை ஆயிரும். பழனிப் பாதையா இருந்தா மரத்தடியில படுத்துட்டு, வெயில் தாழ நடக்கலாம். இங்க மரம் ஏது?"

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால், நான் மனத்துக்குள் மிகவும் வருந்தினேன் என்பதையும், இறங்கும் வழியெல்லாம் கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். துணையோடு மலையேறுகிறவர்களுக்கு முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் இருக்க வேண்டும். இருவரில் ஒருவர் போதும் என்று சொல்லிவிட்டால் மற்றவர் வாதாடக் கூடாது. நாங்கள் அதைச் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை. ஆச்சி சொன்னால் கேட்டுக்கொள்வது என்று எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளாக இருந்துவரும் பழக்கமே அந்த இடத்தில் ஒப்பந்தமாக நின்றது. மேலே நின்ற எனக்குத் தெரியாத ஒன்று, இறங்கும்போது தெரிந்தது. நாங்கள் விடியலுக்கு முன் குறுக்கே கடந்து வந்த ஒரு சரிவில், பாறையிலிருந்து கழன்ற பனி உருண்டைகள் மெத்தையில் உருள்வதுபோல் ஓசையில்லாமல் உருண்டு, தடம் தடமாகக் கோடு போட்டிருந்தன. வெயில் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம் என்றார் வழிகாட்டி. ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, பேசாமல், விரைந்து அதைக் கடந்தோம்.

அன்று பகல் முழுவதும் முகாமில். தலைவலி இறங்கியதும் குறைந்தது. தண்ணீரை நிறையக் குடித்தேன். ஊரிலிருந்து ஆச்சி செய்து எடுத்து வந்த மாவுருண்டை டப்பாவைத் திறந்தால், நெய் உறைந்து உருண்டைகள் கூழாங்கல்போல் இருந்தன. பல்லில் கடிக்க முடியவில்லை. ஆச்சி இரண்டை எடுத்துத் தாளில் சுற்றித் தம் உட்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அரைமணி கழித்து எடுத்தபோது பாசிப்பருப்பு மாவின் மணத்தோடு பதமாக இளகியிருந்தது. மறுநாள் உச்சிக்கு எடுத்துப்போவதையும் இப்படியே உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வைப்பது, கம்பளிக் காலுறையில் ஒரு சோடியைப் படுக்கைக்கு மட்டும் என்று நனையாமல் காப்பது, முகப்பூச்சை மூக்கின் அடியிலும் தாடையின் கீழும் தடவுவது என்று அன்று நாங்கள் பழகிக்கொண்டவை பல. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்தும் தாக்குவதால், நாசித் துவாரத்தின் உட்புறம்கூட வெந்துவிடுகிறது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அரை நாள் நடந்தால், இரவில் கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் எரியும். அதை ஒருபோதும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

மாலையில் மேகம் வரவில்லை. சூரியன் மறைந்த அரைமணியில், மதியம் சொதசொதவென்று இருந்த கூடார வாசல் கண்ணாடித் தரையாயிற்று. ஆச்சி வெளியே போய்க் குதிகாலால் இரண்டு முறை ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு வந்து, "நல்லா இறுகிருச்சு" என்றார். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு காய்ந்ததா என்று விரல் மடக்கித் தட்டிப் பார்க்கும் கொத்தனாரின் முகம் அப்போது அவருக்கு இருந்தது. அன்றிரவு என் பூட்ஸை ஒரு பையில் போட்டுக் கட்டி, ஸ்லீப்பிங் பேக்கின் உள்ளே, காலடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். படுக்கை நெருக்கடியாகத்தான் இருந்தது. ஆனால், ஒன்றரை மணிக்கு எழுந்தபோது அவை நெகிழ்வாக இருந்தன, இரண்டு நிமிடத்தில் மாட்டிவிட்டேன்.

இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். பாதயாத்திரை புறப்படும் அதே நேரம் என்பதை ஆச்சி சொல்லித்தான் உணர்ந்தேன். அண்ணாந்து பார்த்தால் விண்மீன்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தன. செட்டிநாட்டில் மின்விளக்குகள் இல்லாத காலத்தில் எங்கள் அப்பத்தா பார்த்திருக்கக்கூடிய வானம் அது. பனியின் மேல் ஓடு முந்தைய நாளைப் போல் உடையவில்லை. ஒவ்வோர் அடியிலும் சங்கிலிப் பற்கள் கரகரவென்று கடித்துப் பிடித்தன. செங்குத்தான இடங்களில் வழிகாட்டி பூட்ஸின் முனையால் உதைத்து உதைத்துப் படி வெட்டிக்கொண்டு போனார். அந்தப் படிகளில் அதே அளவில் கால் வைத்து நான், என் பின்னால் ஆச்சி. ஓர் அடி வைத்ததும் பின்காலை நேராக நிறுத்தி, முழு எடையையும் எலும்பின் மேல் விட்டு, ஒரு மூச்சு விட்டு, அடுத்த அடி. அவசரமே இல்லை. பின்னாலிருந்து ஆச்சியின் குரல் மெல்லியதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. "வேல் வேல், வெற்றி வேல்" என்று பழனிப் பாதையில் சொல்லும் அதே நடைமந்திரத்தை, அடிக்கு ஒரு சொல்லாக, மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். சிறிது நேரத்தில் என் கால்களும் அந்த அளவுக்கு வந்துவிட்டன. முந்தைய நாள் நான் சிக்கிக்கொண்ட குழி, உறைந்து, ஓரமெல்லாம் கூராக, அப்படியே இருந்தது. அதைத் தாண்டும்போது இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஐந்தே முக்கால் மணிக்குக் கேதார்காந்தாவின் உச்சியில் நின்றோம். 12,500 அடி, ஏறத்தாழ 3,810 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் மேல் இன்னும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீட்டர் வைத்தால் வரும் உயரம். கிழக்கே, பாண்டவர்கள் வானுலகம் ஏறிய வழி என்று நம்பப்படும் சுவர்க்காரோகிணி. அதன் பக்கத்தில் காலாநாக், பந்தர்பூஞ்ச். மூன்றும் 6,000 மீட்டருக்கு மேற்பட்டவை. முதலில் அவை சாம்பல் நிறத்தில் வெறும் உருவங்களாக நின்றன. பிறகு ஒரு முனையில் மட்டும் குங்குமம் வைத்ததுபோல் வெளிச்சம் பட்டது. அது கீழே வழிந்து வழிந்து, கடைசியில் எங்கள் காலடிப் பனியும் சிவந்தது. உச்சியில் கற்களை அடுக்கி, திரிசூலம் நட்டு, சிறிய சிவன் சந்நிதி வைத்திருக்கிறார்கள். சிவன் இங்கேதான் தவத்தில் இருந்தார், மாடுகளின் மணியோசையால் தவம் கலைந்து கேதார்நாத்துக்குப் போய்விட்டார் என்பது அந்த ஊரார் சொல்லும் கதை. ஆச்சி கையுறையைக் கழற்றி, இடுப்பில் முடிந்து வைத்திருந்த குன்றக்குடி விபூதியை எடுத்து அந்தக் கல்லில் பூசினார். பிறகு என் நெற்றியில் கம்பளிக் குல்லாயைச் சற்றே தூக்கிவிட்டுப் பூசினார். அவர் விரல் பனிக்கட்டிபோல் இருந்தது. உட்சட்டைப் பையிலிருந்து மாவுருண்டைகளை எடுத்து மூவரும் தின்றோம். வழிகாட்டி இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இருபது நிமிடம் இருந்திருப்போம். இன்னும் சற்று நேரம் இருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. இந்த முறை, "வெயில் வந்துருச்சு ஆச்சி, எறங்குவோம்" என்று சொன்னது நான். அவர் சிரித்துக்கொண்டே ஊன்றுகோலை எடுத்தார்.

இறங்கும்போது குதிகாலை முதலில் அழுத்தி ஊன்ற வேண்டும். உடம்பைப் பின்னால் சாய்த்தால் கால் வழுக்கும். முழங்கால்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கந்தான் கடினம் என்பதை பிரான்மலையிலேயே அறிந்திருந்தோம். அந்தச் சரிவைக் கடந்தபோது மணி ஏழு. முந்தைய நாளின் உருண்டைகள் உருண்ட தடத்திலேயே உறைந்து நின்றன. எட்டு மணிக்கு முகாமில் இருந்தோம். தேநீர் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், நாங்கள் இறங்கி வந்த வழியில் வேறொரு குழுவினர் சிறு புள்ளிகளாக இன்னும் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். அடிக்கடி ஒரு புள்ளி நின்றுவிடும், மற்றவை அதன் அருகே கூடும். வழிகாட்டி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணியளவில் அவர்கள் திரும்பி இறங்கத் தொடங்கிய பிறகுதான் அவர் தம் தட்டைக் கையில் எடுத்தார்.

அதன்பின் மரக்கிளைகளிலிருந்து ஈரப்பனி பொத்தென்று பொத்தென்று விழுகிற ஓசை காடு முழுவதும் கேட்டது. ஆச்சி எங்கள் இருவரின் பூட்ஸையும் நாடாவை அவிழ்த்து, நாக்கை இழுத்துவிட்டு, ஒரு பாறை மேல் வெயிலைப் பார்த்து வைத்திருந்தார். கூடாரத்தின் நிழல் நகர்ந்து அந்தப் பாறையைத் தொட வந்தபோதெல்லாம், எழுந்து போய், அவற்றை ஒரு முழம் தள்ளி மீண்டும் வெயிலில் வைத்தார்.